ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கல் பெட்டி: பாடநூல் ஆக்கக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை நான். எட்டாம் வகுப்பில் பாறையும் மண்ணும், ஒன்பதாம் வகுப்பில் நிலக்கோளமும் என, ஆண்டுதோறும் சில வாரங்கள் எனக்குக் கல்லோடும் மணலோடும் கழிகின்றன. அப்படிச் சொல்கிறேனே தவிர, என் பணிக்காலத்தின் முதல் பாதியில் அந்த வாரங்களில் ஒரு கல்கூட வகுப்பறைக்குள் வந்ததில்லை. படம், வரையறை, மூன்று வகைகளையும் இணைக்கும் அம்புக்குறிச் சுழற்சி, ஐந்து மதிப்பெண் வினா ஆகியவற்றோடு பாடம் முடிந்துவிடும். அடுத்த முறை இந்தப் பாடங்களைத் திருத்தும்போது தாங்கள் இரண்டைச் சேர்க்க வேண்டும் எனக் கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். ஒன்று, அந்தந்த மாவட்டத்துக் கற்களும் மணல்களும் அடங்கிய ஒரு சிறு பெட்டி. மற்றொன்று, அப்பெட்டியைத் திறந்து பொருளைக் கையில் எடுத்தால் மட்டுமே விடை எழுதக்கூடிய சில வினாக்கள்.

குறையை என்னிடமிருந்தே தொடங்குகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை மூன்றையும் எடுத்துக்காட்டுகளோடு பிசகில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவி, மதிய உணவு நேரத்தில் பள்ளியின் பழைய கட்டடத்துப் படிக்கல்லில் உட்கார்ந்திருந்தாள். கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடும் கல் அது. எங்கள் வட்டாரத்தில் எந்தப் பழைய வீட்டு வாசலிலும் கிடக்கும் நைஸ் பாறை. "நீ உட்கார்ந்திருப்பது என்ன கல்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "சிமெண்ட் பூசாத கல்லு டீச்சர்" என்றாள். உருமாறிய பாறைக்கு எடுத்துக்காட்டாக நைஸ் என்ற பெயரை அன்று காலையில்தான் அவள் தேர்வில் எழுதியிருந்தாள். அவளுடைய விடையில் பிழை இல்லை. அந்தச் சொல்லை அந்தக் கல்லோடு சேர்த்துக் காட்டாத என்னிடம்தான் பிழை இருந்தது.

இத்தனைக்கும் பிள்ளைகள் கல்லறிவு இல்லாமல் வகுப்புக்கு வருவதில்லை. அஞ்சாங்கல் ஆடுகிற சிறுமிக்கு எந்தக் கல் கைக்கு வழவழப்பாக இருக்கும், எது ஆட்டத்தின் நடுவில் விளிம்பு உதிரும் என்பது தெரியும். அதனால்தான் ஓடைக்குப் போய்ப் பொறுக்குகிறாள். வெங்கச்சங்கல் இரண்டை இருட்டில் உரசினால் கல்லுக்குள் வெளிச்சம் ஓடும், தீய்ந்த வாடை வரும் என்பதை எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் எனக்கு முன்பே அறிந்திருந்தார்கள். தகடு தகடாக உரியும் மைக்காவுக்குக் காக்காப்பொன் என்ற பெயரையும், மண்ணுக்குள் வெண்முடிச்சாகக் கிடக்கும் சுண்ணக் கட்டிக்குச் சுக்கான்கல் என்ற பெயரையும் அவர்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வருகிறார்கள். வெங்கச்சங்கல்தான் குவார்ட்சு என்று யாரும் சொல்லாததால், குவார்ட்சு என்பது நூலில் மட்டும் இருக்கும் ஏதோ ஓர் அயல்நாட்டுப் பொருளாகவே அவர்களுக்கு நின்றுவிடுகிறது.

என் வகுப்பில் கல் நுழைந்தது ஒரு வதந்தியின் வழியாக. 2020 அக்டோபரில் எங்கள் மாவட்டத்துக் குன்னம் பகுதியில் மண் தோண்டிய இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட, டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி பறந்தது. பார்வையிட்ட வல்லுநர்கள் அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டு என்னும் அழிந்துபோன கடலுயிரியைச் சுற்றி இறுகிய படிவு உருண்டைகள் என்று விளக்கினார்கள். வதந்தி ஓடிய வேகத்தில் விளக்கம் ஓடவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பள்ளிகள் மீண்டும் திறந்த பிறகு, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதே போன்ற உருண்டை ஒன்றை மஞ்சள் பையில் போட்டு மேசைமேல் கொண்டுவந்து வைத்தான். தன் மாமா கிணறு வெட்டிய இடத்தில் எடுத்தது என்றும், வீட்டில் எல்லாரும் முட்டை என்றே சொல்கிறார்கள் என்றும், உடைத்துப் பார்க்க அப்பா விடவில்லை என்றும் சொன்னான்.

அந்த வாரம் என்னிடம் இன்னொரு உருண்டையும் இருந்தது. இணையத்தில் 350 ரூபாய் கொடுத்து வாங்கிய, இன்னும் உடைக்காத ஜியோடு. வெளியே பார்த்தால் எலுமிச்சையளவு சொரசொரப்பான சாம்பல் கல். உடைத்தால் உள்ளே பொள்ளலும் அதன் சுவரெங்கும் படிகங்களும் இருக்கும். பிள்ளைகள் யூடியூபில் அடிக்கடி பார்த்து மகிழும் பொருள் என்பதால், பாடத்துக்கு ஒரு கவர்ச்சி வரட்டும் என்றே வாங்கினேன். இரண்டையும் ஒரே நாளில் உடைப்பதென்று முடிவாயிற்று. தந்தையிடம் அனுமதி வாங்கி, கற்களைச் சாக்கில் சுற்றி, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, அறிவியல் ஆய்வகத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே சுத்தியலைப் பிடித்தேன்.

கிணற்றுக் கல் மூன்றாம் அடியில் பிளந்தது. உள்ளே ஓடும் இல்லை, கருவும் இல்லை. வெளியிலிருந்து நடுவரை ஒரே கெட்டியான சாம்பல் நிறம். நடுவில் மட்டும், ஆட்டுக்கிடாய்க் கொம்பின் ஒரு துண்டைப்போல வளைந்து, வரிவரியாக மடிப்பு விழுந்த கட்டைவிரல் நீளச் சிப்பித் துண்டு. ஜியோடு ஒரே அடியில் இரண்டானது. வெளியே விரல்நகத் தடிமனுக்குச் சாம்பல் வரிகள், அதற்கு உள்ளே வெள்ளைப் படிகங்கள், எல்லாவற்றின் கூர்முனையும் வெற்று நடுவை நோக்கியபடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது கடைசி இருக்கையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், இதுல எது மொதல்ல வந்துச்சு, நடுவா, தோலா?" என்று கேட்டாள்.

புவி அறிவியலில் அதைவிட நல்ல கேள்வியை என் வகுப்பில் நான் கேட்டதில்லை. கிணற்றுக் கல்லில் நடுதான் முதலில் வந்தது. கடலடிச் சேற்றில் ஓர் உயிர் செத்து விழுந்து அழுகும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறி, கால்சைட்டு போன்ற தாது படிந்து, சேற்றுத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளிருந்து வெளியே உருண்டையாக வளர்கிறது. ஜியோடில் இது தலைகீழ். எரிமலைக் குழம்பில் சிக்கிய வாயுக்குமிழி குழம்பு இறுகியபின் பொள்ளலாக நின்றுவிட, அதன் வழியே கசியும் நிலத்தடி நீர் தான் கரைத்துக் கொண்டுவந்த சிலிக்காவை முதலில் சுவரில் மெல்லிய வரிகளாகவும், பின்னர் படிகங்களாகவும் படியவைத்து, வெளியிலிருந்து உள்ளே வளர்கிறது. கூர்முனைகள் நடுவை நோக்குவதற்கு அதுவே காரணம், ஏனெனில் வளர இடம் இருந்தது அந்தத் திசையில் மட்டும்தான். இரண்டு உருண்டைகளும் வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி. வரலாறோ நேர் எதிர். இதை நான் கரும்பலகையில் எழுதவில்லை. பிள்ளைகள் வரிகளின் தடிமனையும் முனைகளின் திசையையும் பார்த்து, ஏறத்தாழ தாமாகவே வந்து சேர்ந்தார்கள். பொருள் கையில் இல்லாமல், ஒரு படத்தை மட்டும் காட்டி இந்த இடத்துக்கு அவர்களை அழைத்து வந்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

அந்தப் பாடவேளை முடிவதற்குள் இன்னொன்றும் நடந்தது. ஜியோடின் உடைந்த சில்லு ஒன்றையும் ஓடையில் எடுத்த வெங்கச்சங்கல் ஒன்றையும் உரசிப் பார்க்க வேண்டும் என்று ஒருவன் அடம்பிடித்தான். சன்னலைச் சாத்தி, துப்பட்டாவை மேலே போர்த்தி, ஐந்தாறு தலைகள் முட்டிக்கொண்டு பார்த்தன. இரண்டும் ஒரே மாதிரி மின்னின, ஒரே மாதிரி நாறின. 350 ரூபாய்க் கல்லும் ஓடையில் மிதிபடும் கல்லும் ஒரே சிலிக்கா, அதாவது சிலிக்கன் டை ஆக்சைடுதான் என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. (இணையத்தில் பளீரென்ற நீலத்திலும் ரோசா நிறத்திலும் விற்கும் அகேட்டு என்னும் வரிபடிந்த சிலிக்காத் துண்டுகளில் பெரும்பாலானவை சாயம் ஏற்றியவை. அவற்றை வாங்கும் ஆசிரியர்கள் இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.)

என் பெட்டியில் ஜியோடை வைத்திருக்கிறேன் என்றாலும், தங்கள் பெட்டியின் மையம் அதுவாக இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஜியோடு நம் பாறைகளில் எதிர்பார்க்கக் கூடியதன்று. ஏன் இல்லை என்பதுதான் நமக்குரிய பாடம். மகாராட்டிரத்தில் நாசிக், சல்காவ், புனே வட்டாரங்களில் கிணறு தோண்டினாலும் கற்சுரங்கம் வெட்டினாலும் இவை கிடைப்பதற்குக் காரணம், ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் அடுக்கடுக்காகப் பாய்ந்து இறுகிய எரிமலைக் குழம்பு. குழம்பு தரைக்கு மேலே வந்ததால் வாயு பிரிந்து குமிழியாயிற்று. எங்கள் மேற்குப் பக்கத்துப் பச்சைமலையின் சார்னோக்கைட் என்னும் பாறையோ தரைக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அங்கே குமிழி நிற்க இடம் ஏது? பொள்ளல் இல்லை, ஆகவே ஜியோடு இல்லை. இல்லாமைக்குக் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தீப்பாறையும் உருமாறிய பாறையும் மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை.

தமிழகத்துக்கும் அந்தப் பொள்ளல் கற்களுக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த சூதுபவள மணிகள் சிலிக்காவின் இன்னொரு வடிவம். தக்காண எரிமலைப் பாறையின் பொள்ளல்களில் விளையும் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூலக்கல் மேற்கிந்தியாவிலிருந்து வணிகர் வழியே வந்திருக்க வேண்டும் என்பது தொல்லியலாளர் கருத்து. அதே கொடுமணலில் கிடைத்த பச்சைக்கல்லும் வெண்படிகமும் கொங்கு மண்ணுக்கே உரியவை. வரலாற்றுப் பாடத்தில் வணிகம் என்றும், புவியியல் பாடத்தில் கனிமம் என்றும் பிரிந்து கிடக்கும் இரண்டு பக்கங்களும் ஒரு மணியைக் கையில் வைத்தால் சேர்ந்துவிடும்.

இனி, பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். மாநிலம் முழுவதற்கும் ஒரே பெட்டியைத் தயாரித்து அனுப்பினால் அது இன்னொரு பாடநூலாகத்தான் ஆகும்; இரண்டாம் ஆண்டிலேயே பீரோவுக்குள் போய்விடும். எங்கள் மாவட்டத்துக்கு எது உரியது என்று பாருங்கள். மேற்கே சார்னோக்கைட்டும் நைசும். கிழக்கே போகப் போக, டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடக்கும் தொலைவில் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி இருக்கிறது. நிலவியலாளர் எச். எப். பிளான்போர்டு இந்தப் படிவுகளை நிலவரைபடமாக்கி 1862இல் வெளியிட்டார். பெர்டினாண்டு ஸ்டோலிச்கா இங்கிருந்த கடற்சிப்பிகளையும் பிற உயிர்களையும் நூல் நூலாக விவரித்தார். ஊட்டத்தூர், அரியலூர் என்னும் நம் ஊர்ப்பெயர்கள் அன்று முதல் உலகின் நிலவியல் நூல்களில் அடுக்குகளின் பெயர்களாக இருந்துவருகின்றன. அந்த ஊர்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

காரை என்னும் ஊருக்கு அருகே மழை அரித்து வெட்டவெளியாக்கிய களிமண் மேடுகளில் ஜிப்சம் கண்ணாடித் தகடுபோல் நரம்பு நரம்பாக ஓடுகிறது. பிரெடரிக் மோ 1812இல் மிக மென்மையானதிலிருந்து தொடங்கி வகுத்த கடினத்தன்மை வரிசையில் அதற்கு இரண்டாம் இடம். விரல்நகத்துக்கு ஏறத்தாழ இரண்டரை. ஆகவே நகம் அதைக் கீறும். கால்சைட்டை நகம் கீறாது, ஆணி கீறும். குவார்ட்சை ஆணியும் கீறாது. அது திரும்பக் கண்ணாடியைக் கீறும். மூன்று கற்களும் ஓர் ஆணியும் ஒரு கண்ணாடித் துண்டும் இருந்தால் அந்த அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே எழாது. தென்கிழக்கு ஸ்பெயினில் புல்பி என்னும் ஊரின் பழைய சுரங்கத்துக்குள், ஆள் நுழைந்து நிற்கக்கூடிய அளவில், ஏறத்தாழ 8 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஜியோடு இருக்கிறது. அதன் உட்சுவர் முழுவதும் இதே ஜிப்சம்தான். காரை மேட்டுத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு ஸ்பெயின் அவ்வளவு தூரமாகத் தெரிவதில்லை.

அரியலூரின் சுண்ணாம்புக்கல்லுக்கு எலுமிச்சம்பழம் போதும். கல்லின் மேற்பரப்பை ஆணியால் சுரண்டித் தூளாக்கி, அதன்மேல் சாற்றை விட்டால் நுரைக்கும். காதருகே வைத்தால் மெல்லிய சீறலும் கேட்கும். கருங்கல்லில் விட்டால் சாறு சும்மா வழியும். சிமெண்ட் ஆலைகள் ஏன் அரியலூர்ப் பக்கம் குவிந்தன, பச்சைமலை அடிவாரத்தில் ஏன் ஜல்லி உடைக்கிறார்கள் என்ற பொருளாதாரப் புவியியல் வினாவுக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வியும் இதிலிருந்து வந்ததே: இவ்வளவு கருங்கல்லையும் எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? சுற்றிலும் இருப்பது படிவு நிலம். கோயிலின் கல் ஒன்றுகூட அந்த நிலத்தினுடையது இல்லை.

கருங்கல் என்றதும் ஒரு குழப்பத்தைக் குறிப்பிடாமல் போக முடியவில்லை. கிரானைட் ஒரு தீப்பாறை என்று நாங்கள் கற்பிக்கிறோம். பிள்ளையின் வீட்டுச் சமையல் மேடையில் கிரானைட் என்று வாங்கிப் பதித்திருப்பதோ, அலையலையாக நிறம் ஓடும் 'பாரடைசோ' என்றால், அது உருமாறிய பாறையைச் சேர்ந்தது. 'பிளாக் கிரானைட்' என்றால் பெரும்பாலும் டோலரைட்டு, கேப்ரோ போன்ற வேறொரு தீப்பாறை. பலகையாக அறுத்து மெருகேற்றக்கூடிய கெட்டிக் கல் எல்லாம் கடைக்காரருக்குக் கிரானைட். அவர் சொல்வதில் வஞ்சகம் இல்லை, அது தொழிற்பெயர். ஆனால் பாடநூல் ஒரு வரியில் இதைச் சொல்லாவிட்டால், கவனித்துப் பார்க்கிற பிள்ளை தான் படித்ததையும் தன் கண்ணையும் சேர்த்துச் சந்தேகப்படும். இதோடு, சார்னோக்கைட் என்ற பெயர் எப்படி வந்தது என்பதை ஒரு பெட்டிச் செய்தியாகத் தந்தால் போதும். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி யோப் சார்னாக்கின் கல்லறைமேல் இருந்த கல்லும் சென்னைப் பரங்கிமலை, பல்லாவரத்துப் பாறையும் ஒன்றே என்று கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே இட்டார். கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கல் போயிருக்கிறது. பல்லாவரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

மணலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் எங்கள் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்வதும் அதிகச் சண்டையை மூட்டுவதும் அதுதான். மணல் என்பது ஒரு பொருளின் பெயர் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள்; நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நிலவியலில் அது ஓர் அளவின் பெயர். 1922இல் செஸ்டர் வென்ட்வர்த் ஒழுங்குபடுத்திய அளவுகோலின்படி, ஒரு மில்லிமீட்டரின் பதினாறில் ஒரு பங்கிலிருந்து 2 மில்லிமீட்டர் வரையுள்ள எந்தத் துகளும் மணல்தான். அது குவார்ட்சாக இருக்கலாம், சிப்பியாக இருக்கலாம், எரிமலைக் கல்லாக இருக்கலாம். இதைச் சொன்னதும் கொத்தனார் மகன் ஒருவன் மறுத்தான். அவன் அப்பாவின் சல்லடை 2 மில்லிமீட்டர் இல்லை என்றான். அவன் சொன்னது சரி. கட்டுமானத்தில் மணலுக்கு மேல்வரம்பு 4.75 மில்லிமீட்டர் சல்லடை. நிலவியலாளர் சிறுகல் என்று ஒதுக்குவதைக் கொத்தனார் மணல் என்று கலவையில் போடுகிறார். ஒரே சொல்லுக்கு இரண்டு துறைகளில் இரண்டு எல்லைகள் இருக்கலாம் என்பதை அன்று ஒரு வகுப்பே கற்றது, ஆசிரியை உட்பட.

கொள்ளிடத்து மணல் ஒரு சிட்டிகையையும் எம்-சாண்ட் ஒரு சிட்டிகையையும் வெள்ளைத் தாளில் தூவிக் கைவில்லையால் பார்க்கச் சொல்வேன். ஆற்று மணலின் துகள்கள் மூலை மழுங்கியவை. கண்ணாடி போன்ற குவார்ட்சுக்கு நடுவே பெல்ட்ஸ்பார் என்னும் கலங்கலான கனிமமும், எப்போதாவது மாதுளைமுத்துப் போன்ற கார்னெட் என்னும் சிவப்புக் கனிமமும் தெரியும். கருநாடகத்து மலைகளிலிருந்து புறப்பட்டு வழியெல்லாம் உரசிக்கொண்டு வந்தவை அவை. எம்-சாண்ட் சென்ற மாதம் எந்திரத்தில் உடைபட்டது. துகள் ஒவ்வொன்றும் கத்திமுனை. குவார்ட்சுதான் ஏன் மிஞ்சுகிறது என்ற கேள்விக்கும் இங்கேயே இடம் உண்டு: பெல்ட்ஸ்பார் நீர்பட்டு நாளடைவில் களிமண்ணாகிவிடும், மைக்கா உரிந்து மிதந்துவிடும், கடினமும் கரையாமையும் கொண்ட குவார்ட்சு கடைசிவரை நிற்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது உண்மைதான். எந்தக் கல் முதலில் தேயும் என்பதைத்தான் நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.

பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எங்களிடம் உண்டு. அதைப் பாலித்தீன் பையில் போட்டு ஓடை மணலில் இழுத்தால், கறுப்புத் துகள்கள் முள்முள்ளாக எழுந்து ஒட்டிக்கொள்ளும். காந்தத்தைப் பையிலிருந்து உருவினால் அத்தனையும் தாளில் உதிரும். மேக்னடைட்டு என்னும் இரும்புத்தாது அது. ஒரே கரண்டியளவு மேக்னடைட்டும் வெள்ளை மணலும் எடையில் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்பதைத் தராசில் போட்டுக் காட்டலாம். பிறகு கடற்கரைக்குப் போகும்போது, அலை பின்வாங்கிய இடத்தில் கறுப்பு வரி ஏன் விழுகிறது என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது: இலேசான குவார்ட்சை அலை இழுத்துக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையின் கதையும் இந்தக் கனத்தின் கதைதான். 1909இல் ஷோம்பெர்க் என்ற செருமானிய வேதியியலாளர், இங்கிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு இருப்பதைக் கண்டறிந்தார். அந்நாளில் எரிவாயு விளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்டது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அரிய மணல்கள் என்று இன்று நாம் பெருமையாகவும் கவலையாகவும் பேசும் எல்லாம் கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன அந்தத் தூசியிலிருந்து தொடங்கியவை.

மற்ற மாவட்டங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அங்கங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சேலத்துக்கு மேக்னசைட்டும் கஞ்சமலையின் இரும்புத்தாதும், தூத்துக்குடிக்குத் தேரியின் செம்மணலும், விழுப்புரத்துக்குத் திருவக்கரையின் மணற்கல்லும் உள்ளன. நாமக்கல்லின் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ நிலவு ஊர்தியைச் சோதிக்க நிலவுமண் போன்ற மண்ணை உருவாக்கியது. அந்தப் பாறையில் ஒரு துண்டு அந்த மாவட்டத்துப் பள்ளிகளில் இல்லாமல் இருப்பது நியாயமில்லை.

எதிர்ப்புகள் வரும் என்று அறிவேன். சில எனக்கே உள்ளன. முதலாவது, கல் சேகரிப்பு என்று அரசாணை போட்டால், நல்லெண்ணத்தோடேயே பிள்ளைகள் காரை மேட்டுக்கும் எங்கள் மாவட்டத்துச் சாத்தனூருக்கும் படையெடுத்து விடுவார்கள். சாத்தனூரில் 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளம். அதுவும் சிலிக்கா நீர் மெல்ல மெல்ல மரத்தின் இடத்தைப் பிடித்த கதைதான், ஜியோடின் உறவினன் என்றே வகுப்பில் சொல்வேன். அதிலிருந்து ஆளுக்கு ஒரு சில்லு பெயர்த்தால் என்ன மிஞ்சும்? ஆகவே பெட்டியின் முதல் விதியே பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்தும் படிவமேடுகளிலிருந்தும் எதையும் எடுப்பதில்லை என்பதாக இருக்க வேண்டும். புதைபடிவம் பார்க்க வேண்டுமானால் அரியலூர் அருகே வாரணவாசி அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் கற்கள் வந்தது சாலை போடும் இடத்தின் கழிவிலிருந்தும், வீடு கட்டி மீந்த குவியலிலிருந்தும், கிணற்று மேடுகளிலிருந்தும். கிணற்று மேடு தனிப் பாடம்: கடைசியாக வெட்டிய ஆழத்துக் கல் மேலே கிடக்கும், முதலில் வெட்டிய மேல்மண் அடியில் கிடக்கும். நிலத்தின் அடுக்கு அங்கே தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, இயங்கும் கற்சுரங்கத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதை நான் ஒப்பமாட்டேன். வெடி ஓர் ஆபத்து. அதைவிடச் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குச் செய்யும் கேடு சத்தமில்லாதது. அங்கே உழைப்பவர்களின் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருக்கிறார்கள். தூசியைப் பற்றிப் பாடத்தில் ஒரு பத்தி இருந்தால் அது அவர்கள் வீடுவரை போகும். கல் உடைப்பதை ஆசிரியர் மட்டுமே, கண்ணாடி அணிந்து, சாக்கில் சுற்றிச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, நேரமும் ஆசிரியரும். சமூக அறிவியல் ஆசிரியர்களில் பெரும்பாலோர் வரலாறு படித்தவர்கள், நானும் அப்படியே. கல்லைப் பார்த்துப் பெயர் சொல்லத் தயங்குவோம். அந்தத் தயக்கத்துக்குப் பக்கத்திலேயே மருந்து உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, பெரியார் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், திருச்சி தேசியக் கல்லூரி ஆகியவற்றில் நிலவியல் படிக்கும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் தத்தம் வட்டாரப் பள்ளிகளுக்கு வந்து, பெட்டியில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகளைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும். தவறாகப் பெயரிட்ட கல்லைத் திருத்துவதைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்குப் பாடமே. எங்கள் பெட்டியில் நான் பசால்ட்டு என்று எழுதியிருந்ததை ஒரு கல்லூரி மாணவி டோலரைட்டு என்று திருத்தினார். பழைய சீட்டைக் கிழிக்காமல் அதன் கீழேயே புதியதை ஒட்டியிருக்கிறோம்.

மதிப்பெண் இல்லாத எதுவும் பள்ளியில் மூன்றாம் ஆண்டைத் தாண்டுவதில்லை என்பதால், வினாவையும் கேட்கிறேன். அரையாண்டுத் தேர்விலோ வளரறி மதிப்பீட்டிலோ, இரண்டு கற்களை மேசையில் வைத்து, "இவற்றுள் எதை ஆணி கீறுகிறது, எலுமிச்சைச் சாறு எதில் நுரைக்கிறது, இவற்றிலிருந்து நீ என்ன முடிவுக்கு வருகிறாய்" என்று கேட்கலாம். பெயர் தவறினாலும் கவனித்ததை ஒழுங்காக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கொடுக்கும் விதி அதில் இருக்க வேண்டும். இது இல்லாமல் பெட்டி மட்டும் வந்தால், தணிக்கைக்குக் காட்டும் பொருளாகப் பூட்டி வைக்கப்படும்.

எங்கள் பெட்டி, சத்துணவு முட்டை வரும் அட்டை மடல்தான், முப்பது குழி. அதில் என்னென்ன இருக்கின்றன, எங்கிருந்து எடுத்தோம், எந்தக் கல்லில் எந்தச் சோதனை எடுபட்டது, எது எடுபடவில்லை என்ற குறிப்பேட்டின் நகலைத் தங்களுக்கு அனுப்பத் தயாராக இருக்கிறேன். பிளந்த கிணற்றுக் கல்லின் ஒரு பாதியை அந்த மாணவன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்; மறுபாதி ஜியோடுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏழாம் குழி மட்டும் இப்போது காலி. அதில் இருந்த ஜிப்சத்தை மூன்று ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நகத்தால் கீறிக் கீறியே தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள். கோடை விடுமுறைக்குள் வேறொன்று தேட வேண்டும்.

இங்ஙனம்,
பட்டதாரி ஆசிரியை (சமூக அறிவியல்),
பெரம்பலூர் மாவட்டம்